வள்ளத்துக்குக் கட்டிய அரைஞாண்

என் மகள் இப்போது நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வருவாள். அந்த நேரத்துக்கு நான் ரோட்டில் போய் நிற்பேன். பஸ் வந்ததும் என் கண் முதலில் போவது டயருக்கு. எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இறங்குகிற பிள்ளையைப் பார்ப்பேன். அவளுக்கு இது தெரியும். "டயர் நல்லாத்தான் இருக்கு, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். இந்தப் பழக்கம் வந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது எப்படி வந்தது என்பதை எழுதிவிட்டால் கொஞ்சம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

அப்போது எங்கள் வீடு, மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஆறு கடலில் சேரும் இடத்தில், முட்டத்துப் பக்கக் கரையில் இருந்தது. அங்கே பாலம் கிடையாது. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் கடவில் வந்து வள்ளம் ஏற வேண்டும். அந்தக் கடவின் குத்தகை என் கணவர் பேரில் இருந்தது. அவரோ கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவார். எனவே குத்தகை அவருக்கு, பாடு எனக்கு. கல்யாணத்துக்கு முன்பு நான் இரண்டு வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் கடவுக்கு வருகிற எல்லோருக்கும் நான் டீச்சர்தான். மராமத்து இலாகாவுக்குப் போகும் மனு, பதில், ஒப்பம் எல்லாம் என் கையெழுத்து.

வள்ளம் ஒன்றுதான். அதைத் தள்ளியவர் ஐம்பது வயது தாண்டிய ஒருவர். கழுக்கோல் என்று எங்கள் பக்கம் சொல்லும் நீண்ட மூங்கிலை ஆற்றின் அடியில் ஊன்றி, வள்ளத்தின் ஓரமாகவே நடந்து தள்ளுவார். வள்ளக்காரர் என்றால் அவர்தான்.

சட்டதிட்டங்களை நான் பயந்து பயந்து கடைப்பிடித்தேன். சித்திரையில் வள்ளத்தைக் கரையேற்றி எண்ணெய் போட வேண்டும். ஓவர்சியர் வந்து பார்த்து லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். உபரியாக ஒரு கழுக்கோலும், தண்ணீர் கோரி ஊற்ற ஒரு கமுகம்பாளையும் எப்போதும் உள்ளே கிடக்க வேண்டும். மற்றக் கடவுகளில் ஓவர்சியர் வருகிற அன்று மட்டும் புதுப் பாளை கிடக்கும் என்று கேள்வி. எங்கள் வள்ளத்தில் தினமும் கிடந்தது. அதற்குக் காரணம் சர்க்கார் மேல் இருந்த பயம் மட்டும் அல்ல. என் மகள் தினமும் காலையும் மாலையும் அந்த வள்ளத்தில்தான் அக்கரைப் பள்ளிக்குப் போய் வந்தாள். அவளுக்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அவள் ஒருத்திதான்.

ஆள்கணக்கில்தான் ஓயாத தகராறு. வள்ளத்தில் இருபது பேர் என்று ஒரு பலகை அடித்திருந்தோம். இடுப்பில் இருக்கிற பிள்ளை ஆளா? மீன்கூடை ஆளா? ஆட்டுக்குட்டி? தினமும் காலையில் முட்டத்திலிருந்து சந்தைக்குப் போகும் மீன்காரிகள் கூடையோடு வந்து நிற்பார்கள். இருபத்தொன்றாவது ஆளை இறங்கச் சொன்னால் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள்.

"எட்டி, அந்தக் கெழவனப் பாத்தியா? எலும்பும் தோலுமா இருக்கான். அவனும் ஒரு ஆளு, நானும் ஒரு ஆளா? எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் எண்ணணும்" என்பாள் ஒருத்தி.

"உன்ன எண்ணணும்னா மூணா எண்ணணும்" என்பார் வள்ளக்காரர்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருடம் கழிந்த சமயம், கடவு வள்ளங்களுக்குப் புது முறை வந்தது. இனி தலையை எண்ண வேண்டியதில்லை. அனுமதிக்கிற பாரத்தை ஏற்றிப் பார்த்து, தண்ணீர் எட்டுகிற மட்டத்தில் வள்ளத்தின் வெளிப்புறம் வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு போடுவார்கள். ஆளோ கூடையோ ஆடோ, கோடு தண்ணீரைத் தொடுகிறவரை ஏற்றலாம். தொட்டபின் ஒருவரையும் ஏற்றக்கூடாது. கேட்டவுடன் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சோதனைக்கு இருபது பேரைப் பிடித்து உட்காரவைத்து நேரத்தைக் கழிக்க முடியாது என்பதால் இலாகாவே ஒரு வழி சொல்லியிருந்தது. சாக்கில் குறித்த அடையாளம் வரைக்கும் மணல் நிரப்பினால் அது ஓர் ஆள். இருபது ஆளுக்கு இருபது சாக்கு. ஓவர்சியர் வருவதற்கு முந்தின நாளே நான் சாக்குகளை நிரப்பிவைத்தேன். எங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டினால் கடற்கரை. அங்கே வெள்ளை மணலும் கிடக்கும், அலை கொண்டுவந்து ஒதுக்கிய கறுப்பு மணலும் கிடக்கும். கறுப்பு மணல் கனமானது என்பது எங்கள் கரையில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். ஒரு சிரட்டை அள்ளினால் கை தாழும். தெரிந்தேதான் நான் கறுப்பு மணலை நிரப்பச் சொன்னேன்.

ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். ரிஜிஸ்தரைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு சாக்குகளை ஒரு பார்வை பார்த்தார்.

"டீச்சர், வெள்ள மண்ணு போதுமே. இதுக்குப் போய் கறுப்பு எதுக்கு?"

"இருக்கட்டும் சார். இந்தக் கனத்தத் தாங்கினா ஆளத் தாங்காதா? எம்பிள்ள போற வள்ளம். நல்லா சோதிச்சே போடுங்க."

அவர் சிரித்தார். "எல்லாக் கடவுலயும் உங்களப்போல ஒருத்தர் இருந்தா எனக்கு வேல பாதி கொறயும்."

வள்ளக்காரரும் இன்னும் நாலு பேரும் முக்கி முனகி இருபது சாக்கையும் ஏற்றினார்கள். வள்ளம் ஆழமாக அமிழ்ந்தது, ஆனால் அசையாமல் நின்றது. நின்ற மட்டத்தில் ஓவர்சியர் கரிக்கட்டியால் குறித்தார். வள்ளத்தைக் கரையேற்றியதும் அந்தக் குறிமேல் நாலு விரல் அகலத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. ஆள்பலகையைக் கழற்றினோம். அன்று இரவு நான் கணவருக்குக் கடிதம் எழுதினேன், நம் வள்ளத்தைப் போல் கடுமையாகச் சோதித்த வள்ளம் இந்தப் பக்கத்தில் கிடையாது என்று. அந்தக் கடிதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கோடு வந்தபின் கடவில் சண்டை நின்றது. கரையில் யாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டி வரவில்லை. எல்லோரும் ஏறினபிறகும் கோடு தண்ணீருக்கு மேலே தெரியும். முன்பு இருபது என்று வைத்தது சர்க்காரின் வீண் கண்டிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. எங்கள் ஆற்றின் வாயைக் கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் தேங்கி வயலுக்குள் ஏறினால் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய்த் திட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விடுவார்கள். அதைப் பொழி வெட்டுவது என்போம். அந்த வருடம் பொழி வெட்டின அன்று சாயங்காலமே மழை விட்டது. மறுநாள் காலை, மூன்று நாளாக அடைந்து கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடவுக்கு வந்தார்கள். மீன்காரிகள், மருந்து வாங்கப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள். என் மகள் நடுவில் பைக்கட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நான் கரையில் குனிந்து கோட்டைப் பார்த்தேன். தண்ணீருக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு விரல் இருந்தது. இன்னும் இரண்டு பெண்கள் கூடையோடு நின்றார்கள்.

"ஏறுங்க" என்றேன். சொன்னது நான்தான், வள்ளக்காரர் அல்ல. அவர்கள் ஏறியதும் கோடு தண்ணீரோடு தொட்டும் தொடாமலும் நின்றது. "இனி போலாம்" என்று அவருக்குக் கைகாட்டினேன்.

பாதி ஆறு தாண்டினபோது, வெட்டின பொழி வழியாகக் கடலிலிருந்து ஒரு அலை உள்ளே வந்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. முழங்கால் உயரம் இருக்கும். வள்ளத்தின் விளிம்பு அதைவிடத் தாழ்ந்திருந்தது. அலை விளிம்பைத் தாண்டி நேரே உள்ளே விழுந்தது. அதன்பின் இன்னொன்று. இழுப்பு வள்ளத்தைக் கடல் பக்கம் திருப்பியது. வள்ளக்காரர் "அனங்காதிங்க! அசையாம இருங்க! எந்திக்காதிங்க!" என்று கத்தினது எனக்குக் கேட்டது. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

காப்பாற்றியது மீன்காரிகள். யாரும் சொல்லவில்லை. ஒருத்தி தன் கூடையைத் தூக்கி ஆற்றில் எறிந்தாள். அடுத்த நொடி எல்லாக் கூடைகளும் ஆற்றில். வள்ளம் ஒரு சாண் எழும்பியது. பாளை ஒன்றுதான் இருந்தது, அதில் ஒருவர் தண்ணீர் கோரினார். என் மகள் தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சோற்றைக் கொட்டிவிட்டு அந்தப் பாத்திரத்தால் கோரினாள். கழுக்கோல் அடி மண்ணில் ஊன்றிக்கொண்டது. எப்படியோ அக்கரைச் சேற்றில் வள்ளம் மோதி நின்றது.

அக்கரையிலிருந்து ஒரு மீன்காரியின் குரல் ஆற்றைத் தாண்டி வந்தது: "டீச்சரே! ராத்திரி முழுக்கப் புடிச்சத ஒரே வீச்சுல கடலுக்குத் திருப்பிக் குடுத்தாச்சு! சோறும் போட்டு அனுப்பினா உம்ம மக!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் நனைந்த பாவாடையைப் பிழிந்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிறகு மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கு நடந்தாள்.

திரும்பி வந்த வள்ளக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கோடு தாழல, டீச்சர். நீங்களும் பாத்தியளே. கோடு தாழாம வள்ளத்துல எப்பிடி வெள்ளம் கேறும்?"

நான் மறுபடியும் குனிந்து கோட்டைப் பார்த்தேன்.

சாயங்காலம் மகள் அதே வள்ளத்தில் வந்தாள். ஆற்றின் மேல்பக்கம் நாலு மைல் தள்ளி இருக்கிற பாலம் வழியாகச் சுற்றி நடந்து வரச்சொல்லி நான் ஆள் அனுப்பியிருந்தேன். அவள் கேட்கவில்லை. வீட்டுப் பின்புறம் அடுக்களைச் சுவரை மழைத்தண்ணீர் அரிக்காமல் இருக்க, சித்திரையில் சோதனைக்கு நிரப்பின சாக்குகளை வரிசையாக அண்டக் கொடுத்திருந்தேன். நான் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார இன்னொன்றை இழுத்துப் பார்த்தாள். அது நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

"அம்மா, இந்தச் சாக்குதானா ஒரு ஆளு?"

"ஆமா."

"ரெண்டு ஆளு கனம் இருக்கே."

அவள் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. கை கழுவி, ஜெபம் சொல்லி, சோறு பரிமாறும்போது உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

காலையில் இரண்டு பேரை வைத்து ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு, மகளையும் அழைத்து, கொப்பரைக்கடைக்குப் போனேன். அங்கே உத்தரத்தில் சங்கிலி போட்டு இரண்டு பலகைத் தட்டு தொங்கும் பெரிய தராசு உண்டு. ஒரு தட்டில் சாக்கை வைத்தோம். மறு தட்டில் மகளை உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்தபிறகும் சாக்குத் தட்டு தரையிலிருந்து எழவே இல்லை. அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உயரத்தில் தொங்கினாள்.

கடைக்காரர், "பிள்ளய விக்கப் போறியளா டீச்சர்?" என்றார்.

முதலில் மீன்கூடையை ஆற்றில் எறிந்தவள் அந்த வழியாக வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். "தள்ளு மக்கா" என்று மகளோடு அவளும் தட்டில் ஏறி நெருக்கி உட்கார்ந்தாள். தராசு மெல்ல அசைந்து, ஏறி இறங்கி, சமமாக நின்றது.

"அப்பம் நாங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் சர்க்காரு கணக்குல ஒரு ஆளு" என்றாள் அவள். "பாவம், எங்கள அரைஆளா எழுதிப்போட்டாவ."

கனத்த மணலை வைத்ததால் வள்ளம் கூடுதலாக அமிழ்ந்தது. அமிழ்ந்த மட்டத்தில் கோடு விழுந்தது. பிறகு அந்தக் கோட்டை எட்ட இருபது ஆள் போதாது, முப்பதுக்கு மேல் வேண்டும். கறுப்பு மணலைத் தாங்கினால் ஆளைத் தாங்கும் என்ற என் கணக்கு சரிதான். ஆனால் ஏற்றுகிறவர்கள் மணலை நினைத்து ஏற்றுவதில்லை, கோட்டைப் பார்த்து ஏற்றுகிறார்கள். ஆறு மாதமாக நான் குனிந்து குனிந்து பார்த்து, சட்டம் தவறாமல், என் பிள்ளையோடு முப்பது பேரை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றே ஓவர்சியர் ஆபீசுக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது.

"நான் அன்னைக்கே கேட்டேன்லா, கறுப்பு எதுக்குன்னு?"

"கேட்டீங்க. தப்பு என்னுதுதான். கோட்டக் கீழ எறக்கித் தாங்க சார்."

"அதெப்பிடி? புதுப்பிக்கது சித்திரைக்கு. எடையில கோட்ட மாத்தினா ஏன் மாத்தினேன்னு மேல கேப்பாவ. சோதிச்ச மண்ணு தப்புன்னு நான் எழுதணும். எழுதினா எம் பேரு போகும், உங்க லைசென்ஸும் போகும். ஆள எண்ணி ஏத்துங்க, பழையபடி."

"எண்ணினா கேக்க மாட்டாவ சார். சர்க்காரு கோடு மேல நிக்கே, நீ யாரு எறக்கன்னு கேப்பாவ."

"கோட்ட மட்டும் தொட்டுராதீங்க. அழிச்சா குத்தம்."

"கோட்டுக்குக் கீழ ஒரு கயிறு கட்டினா?" என்று கேட்டேன்.

அவர் ரிஜிஸ்தரை மூடினார். "கயிறு கட்டப்பிடாதுன்னு சட்டத்துல இல்ல" என்றார்.

ஆறு அமைதியான ஒரு நாளில், கரையோரமாகவே இருபது பேரை வள்ளத்தில் உட்காரவைத்தோம். சாக்கு இல்லை, ஆட்கள். பெரும்பாலும் மீன்காரிகள்தான், கூடையோடு. வள்ளக்காரர் கழுத்தளவு தண்ணீரில் நின்று, தண்ணீர் தொட்ட மட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றை வள்ளத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அங்கங்கே முளை அடித்தார். வெள்ளைக் கோடு அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. இனி கயிறு நனைந்தால் ஆள் ஏற்றுவதில்லை என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"டீச்சர் வள்ளத்துக்கு அரைஞாண் கட்டிட்டாவ" என்றாள் தராசில் ஏறினவள். "இனி காது குத்தி, மொட்ட போடுறது எப்பம்?"

அந்தப் பேர் நிலைத்துவிட்டது. அரைஞாண் வள்ளம். கரையில் விடப்பட்டவர்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஏசினார்கள். சர்க்கார் கோட்டைக் காட்டிக் கேட்டார்கள். நான் கயிற்றைக் காட்டினேன். ஐப்பசி அலையைப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்காதவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பங்குனியில் மகளுக்கு வருடப் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சை அன்று காலை, அக்கரையில் ஒரு கல்யாணம். அந்தக் கூட்டம் முன்கூட்டியே வந்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மகள் வந்து ஏறினாள். கயிறு தண்ணீருக்குள் போனது.

ஆறு அன்று குளம் போலக் கிடந்தது. பொழி அடைந்து, காற்றும் இல்லை. வள்ளக்காரர் கழுக்கோலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அடுத்த முறை வள்ளம் வர அரை மணிக்கூறு ஆகும். பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறவர்கள் யாரும் இறங்கப் போவதில்லை. நான் கோட்டைப் பார்த்தேன், சர்க்கார் கோடு உயரத்தில் காய்ந்து கிடந்தது.

"ஒரு ஆளுதானே" என்றேன். "பரீட்ச. வெள்ளமும் சும்மாத்தான் கெடக்கு. போங்க."

மகள் எழுந்து இறங்கிவிட்டாள். பாவாடையின் கரை நனைய, தண்ணீரில் நடந்து கரைக்கு வந்தாள். கயிறு மேலே வந்தது, சொட்டச் சொட்ட.

"ஏறு மக்கா, நேரமாச்சு" என்றேன். எனக்குக் கோபம் வந்தது.

"அன்னைக்கு நீ கரையில நின்ன" என்றாள். "நான் உள்ள இருந்தேன்."

வள்ளக்காரர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கோலை ஊன்றினார். நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளம் போய், இறக்கி, திரும்பி வந்தது. அவள் ஏறும்போது நான் கயிற்றைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

பள்ளியில் உள்ளே விட்டார்கள், ஆனால் நேரம் கூட்டித் தரவில்லை. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். தேறினாள், ஆனால் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை.

சித்திரையில் ஓவர்சியர் வந்தார். இந்த முறை வெள்ளை மணலை அவரே நின்று நிரப்பச் சொன்னார். தண்ணீர் எங்கள் கயிற்றுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அங்கே புதுக் கோடு விழுந்தது. பழைய கோட்டைச் சுரண்டி எடுத்தார்கள். கயிற்றை என்ன செய்வது என்று வள்ளக்காரர் கேட்டார். அவிழ்த்துவிடச் சொன்னேன். அவர் அதைச் சுருட்டி வள்ளத்துக்குள்ளேயே போட்டுவைத்துக்கொண்டார்.

அந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு மதிப்பெண்ணுக்கானது என்று நான் மகளிடம் இதுவரை கேட்கவில்லை.